கதைக்குத் துணை நிற்கும் சொல்

நுழையும்முன்

கைப்பேசி ஒன்று கையில் இருந்தால் குறும்படம் எடுத்துவிடலாம் என்னும் காலம் இது. எனினும், படமெடுக்கத் தொடங்குவதற்கு முன்பே செய்து முடிக்கவேண்டிய பணி ஒன்று உண்டு. கதையைச் சுருக்கமாகப் பிறரிடம் சொல்லி, அவர்தம் கருத்தைக் கேட்டு, தேவையானவற்றைத் திருத்திக்கொள்ளுதலே அப்பணி. கதையை நன்றாகச் சொல்வது எவ்வளவு இன்றியமையாததோ, கேட்டவர் நன்றாகக் கருத்துரைப்பதும் அவ்வளவு இன்றியமையாதது. ஒரு கதை வளர்வதும் வாடுவதும் பல வேளைகளில் கேட்டவர் சொல்லும் முதற்சொல்லைப் பொறுத்தே அமைகின்றன. அச்சொல் எவ்வாறு அமையவேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குறும்படமும் கதைச்சுருக்கமும்

சில நிமிடங்களுக்குள் ஒரு கதையை முழுமையாகச் சொல்லி முடிக்கும் படம் குறும்படம் எனப்படும். ஆஸ்கர் விருது வழங்கும் அமைப்பு, பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடங்களுக்கு மேற்படாத படத்தைக் குறும்படம் எனக் கொள்கிறது. பள்ளி மாணவர்கள் எடுக்கும் படங்கள் இதனினும் மிகச் சிறியவை. முறையாக எழுதப்பட்ட திரைக்கதையின் ஒரு பக்கம், திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது திரைத்துறையினர் பின்பற்றும் பொதுக்கணக்கு. அவ்வாறாயின், ஐந்து நிமிடப் படத்திற்கு ஐந்து பக்கங்களே கிடைக்கும். அதற்குள் ஒருவரின் வாழ்வில் ஒரு சிக்கலும் அதனால் விளையும் ஒரு மாற்றமுமே அடங்கும்.

கதையின் சாரத்தை ஓரிரு வரிகளில் சொல்வதைத் தமிழ்த் திரையுலகினர் ‘ஒன்லைன்’ என்பர். கதையில் வருபவர் யார், அவர் எதை விரும்புகிறார், எது அவரைத் தடுக்கிறது, இறுதியில் என்ன மாறுகிறது என்னும் நான்கு வினாக்களுக்கும் அதனைச் சற்றே விரித்த கதைச்சுருக்கம் விடை தரும். படக்குழுவினர் கூடி அமர்ந்து அதனை ஆராய்வது ‘கதை விவாதம்’ எனப்படும்.

சிறு கதைச்சுருக்கத்தில் தொடங்கும் முயற்சி எங்குச் சென்று முடியும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது. பாலாஜி மோகன் இயக்கிய ‘காதலில் சொதப்புவது எப்படி’ முதலில் குறும்படமாக வெளிவந்து, 2012ஆம் ஆண்டில் முழுநீளத் திரைப்படமானது. ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’யும் குறும்படமாகப் பிறந்து, 2014ஆம் ஆண்டில் திரையரங்கிற்கு வந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்களை இயக்கிக் கற்ற இளைஞர் சிலர் பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநர்கள் ஆயினர். அந்நிகழ்ச்சியில் படத்தைத் திரையிட்டபின் நடுவர்கள் தம் கருத்தைக் கூறுவர். படைப்பும் கருத்துரையும் அடுத்தடுத்து நிகழ்ந்த அரங்கு அது.

ஒரு கதைச்சுருக்கமும் மூன்று கருத்துகளும்

தில்லியில் உள்ள ஒரு பள்ளியின் தமிழ் வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். குறும்படப் போட்டிக்காக எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, பின்வரும் கதைச்சுருக்கத்தைச் சொல்கிறாள்:

“தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அவர்களுடைய சொந்த ஊர் திருவாரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருவாரூர்த் தேர் மிகப் பெரியது. தேரோட்டத்திற்கு உறவினர் எல்லாரும் வருவார்கள். அப்பா தில்லியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. அதனால் கடையிலும் மருத்துவமனையிலும் மகள்தான் அம்மாவுக்காகப் பேசுவாள். அம்மா மாலையில் அண்டை வீட்டுப் பெண்களோடு வாசலில் உட்கார்ந்து கதை பேசுவார். ஒருநாள் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் மகளைப் பற்றி இந்தியில் குறை சொல்கிறார். மகள் அதை மாற்றி அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா மகிழ்ச்சியாக வீடு திரும்புகிறார். பிறகு மகளுக்குத் தன் தவறு புரிகிறது. அவள் திருந்திவிடுகிறாள்.”

கதை முடிந்ததும் மூவர் கருத்துரைக்கின்றனர்.

முதலாமவர், “மிகவும் நன்றாக இருக்கிறது” என்கிறார். இரண்டாமவர், “இதில் ஒன்றுமே இல்லையே! யார் பார்ப்பார்கள்?” என்கிறார். மூன்றாமவர், “அம்மாவுக்கு நோய் வந்ததாக வைத்துக்கொள். மருத்துவர் சொல்வதை மகள் தவறாக மொழிபெயர்த்துவிடுகிறாள். அம்மா இறந்துவிடுகிறார். எல்லாரும் அழுவார்கள், பரிசு கிடைக்கும்” என்கிறார்.

இம்மூன்றும் வேறுவேறு போலத் தோன்றினும், இவற்றால் விளையும் பயன் ஒன்றே. அம்மாணவி இருக்கையில் அமரும்போது, கதையை அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கு எதுவும் தெரிவதில்லை.

வெறும் புகழ்ச்சி கேட்க இனிக்கும். எது நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாது. நன்றாக இருந்த பகுதி எதுவென்று அறியாதவர் திருத்தும்போது அதனையே நீக்கிவிடவும் கூடும். வெறும் இகழ்ச்சி மனத்தைப் புண்படுத்தும். எங்கே குறையென்று காட்டாது. மூன்றாவது கருத்து உதவி போன்ற தோற்றம் உடையது. உண்மையில் அது அவளுடைய கதையை ஒதுக்கிவைத்துவிட்டு, கருத்துரைத்தவரின் கதையை அவள் கையில் திணிக்கிறது. அவள் சொல்ல வந்தது ஒரு பொய்யைப் பற்றி. அவர் சொன்னதோ ஒரு சாவைப் பற்றி.

குற்றம் காணும் மரபு

படைப்பை அவையில் வைத்துக் கருத்துக் கேட்பது தமிழர்க்குப் புதிதன்று. ஒரு நூலை அறிஞர் அவையில் முதன்முதலாக எடுத்துரைப்பதை ‘அரங்கேற்றம்’ என்று வழங்கினர். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்னும் ஆசிரியர்க்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது.

அவையில் கருத்துரைத்தல் என்றதும் பலருக்கு நினைவிற்கு வருபவர்கள் நக்கீரரும் தருமியும் ஆவர். ஏ. பி. நாகராஜன் இயக்கி 1965ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்தில், தருமியாக நாகேஷ் நடித்த காட்சி இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. பரிசை நாடி அவைக்கு வந்த தருமியின் பாடலில் நக்கீரர் குற்றம் காண்கிறார். அது தருமி இயற்றிய பாடல் அன்று. ஆதலால் அவரால் விடை கூற இயலவில்லை. பாடலை இயற்றிய இறைவனே பின்னர் நேரில் வந்து, குற்றம் சொல்லிலா பொருளிலா என வினவுகிறார். பொருளில்தான் குற்றம் என்று நக்கீரர் விடையிறுக்கிறார்.

இக்காட்சியிலிருந்து கருத்துரைப்பவர் இரண்டு செய்திகளைக் கற்றுக்கொள்ளலாம். முதலாவது, குற்றம் சொல்லிலா பொருளிலா என்று பிரித்தறிய வேண்டும். கதைச்சுருக்கத்தைக் கேட்கும்போது பொருளையே முதலில் நோக்கவேண்டும். தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் மாணவர் கதை சொல்லும்போது ஓர் இந்திச் சொல் கலந்துவிடலாம். லகர, ழகர ஒலிப்புத் தடுமாறலாம். அவற்றைத் திருத்துவதற்குத் தனி நேரம் உண்டு. கதையின் நடுவே குறுக்கிட்டு ஒலிப்பைத் திருத்தினால், சொல்பவர் கதையை மறந்து நாவைக் காக்கத் தொடங்குவார். அடுத்த முறை அவர் எழுந்து நிற்கவும் தயங்குவார். இரண்டாவது, கருத்துக்கு விடை கூற வல்லவர் அதனைப் படைத்தவரே. ஆகவே, வினா அவரை நோக்கியே செல்லவேண்டும். அவர் விடை கூறுவதற்கு இடமும் தரவேண்டும்.

குறைக்குப் பெயர் சூட்டுதல்

“கதை ஏதோ சரியில்லை” என்று பலரும் சொல்வர். அந்த ‘ஏதோ’ எதுவென்று சுட்டிக் காட்டும்போதுதான் கருத்து பயன்படத் தொடங்குகிறது. இதற்கு உதவும் சொற்கள் தமிழில் முன்பே உள்ளன. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துரைக்கிறார். அவர் கூறியது நூலைப் பற்றி. ஆயினும் அவற்றுட் சில குறும்படக் கதைக்கும் நன்கு பொருந்துகின்றன. மேற்கண்ட கதையோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்போம்.

தேவையான செய்தியைச் சொல்லாமல் குறைத்துச் சொல்வது ‘குன்றக் கூறல்’. ஆசிரியர் சொன்ன குறை எது? மகள் அதனை என்னவென்று மாற்றினாள்? கதையின் உயிரான இடம் இதுவே. இங்குக் கதைச்சுருக்கம் மௌனமாக உள்ளது.

சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது ‘மற்றொன்று விரித்தல்’. திருவாரூர்த் தேர் பெருமைக்குரியதுதான். ஆனால், தில்லிப் பள்ளியில் நிகழும் இக்கதையில் அதற்கு வேலை ஒன்றும் இல்லை.

முன்னர்க் கூறியதோடு பின்னர்க் கூறியது முரண்படுவது ‘மாறுகொளக் கூறல்’. அம்மாவுக்கு இந்தி தெரியாது என்று சொல்லப்படுகிறது. அதே அம்மா அண்டை வீட்டுப் பெண்களோடு நாள்தோறும் கதை பேசுகிறார். எந்த மொழியில் என்பது விளங்கவில்லை.

நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. மகள் பொய் சொல்லும் இடம்வரை கதை விறுவிறுப்பாகச் செல்கிறது. “அவள் திருந்திவிடுகிறாள்” என்னும் ஒரே தொடரில் அது சட்டென்று அடங்கிவிடுகிறது. திருந்தியதைக் காட்டும் காட்சி எதுவும் இல்லை.

இவ்வாறு பெயர் சூட்டும்போது குறை ஓரிடத்திற்கு உரியதாகிவிடுகிறது. கதை முழுவதும் வீண் என்னும் எண்ணம் நீங்கி, இன்ன இடத்தைத் திருத்தினால் போதும் என்னும் தெளிவு பிறக்கிறது. ‘நீ சரியாகச் சொல்லவில்லை’ என்று ஆளைச் சுட்டாமல், ‘இவ்விடம் விளங்கவில்லை’ என்று கதையைச் சுட்டவும் இது வழி செய்கிறது.

குறைகளோடு அழகுகளையும் கூறவேண்டும். ‘சுருங்கச் சொல்லல்’, ‘விளங்க வைத்தல்’, ‘முறையின் வைப்பு’ ஆகியவை நன்னூல் கூறும் அழகுகளுட் சில. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படி வரிசையாக நிற்பது இம்மாணவியின் கதைக்கு உரிய அழகு. அதனையும் எடுத்துச் சொன்னால்தான் திருத்தும்போது அவள் அதனைக் காத்துக்கொள்வாள்.

நான்கு படிகள்

என்ன சொல்வது என்பதைப் போலவே, எந்த வரிசையில் சொல்வது என்பதும் முதன்மையானது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன், உருவாகிக்கொண்டிருக்கும் கலைப்படைப்பைப் பற்றிக் கருத்துரைப்பதற்கு நான்கு படிகள் கொண்ட முறை ஒன்றை வகுத்தார். நடனத்திற்கென அவர் வகுத்த அம்முறை இன்று வேறு பல கலைகளிலும் வகுப்பறைகளிலும் பின்பற்றப்படுகிறது. அம்முறையைத் தில்லி மாணவியின் கதைக்குப் பொருத்திக் காண்போம்.

முதற்படி, மனத்தில் நின்றதைச் சொல்லுதல். கேட்டவர் தம்மைத் தொட்ட இடம் எதுவென்று கூறுகிறார். “அம்மா மகிழ்ச்சியாக வீடு திரும்பும் இடம் என் மனத்தில் நிற்கிறது. அந்த மகிழ்ச்சியைப் பக்கத்தில் நடந்தபடியே பார்த்துக்கொண்டு வருவது மகளுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!” இது பாராட்டுத்தான், ஆயினும் இடத்தைச் சுட்டும் பாராட்டு. கதையின் வலிமை எங்கே உள்ளது என்பதைச் சொன்னவளுக்கே இது காட்டுகிறது.

இரண்டாம் படி, கதைசொல்லி வினவுதல். தனக்கு ஐயமான இடத்தைப் பற்றி அவளே கேட்கிறாள். “ஆசிரியர் என்ன குறை சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை. அது உங்களுக்குத் தேவைப்பட்டதா?” கேட்டவர்கள் அவ்வினாவிற்கு மட்டும் நேரான விடை தருகின்றனர். தன் கதையில் எங்கோ குறையிருப்பதைச் சொல்பவர் பல வேளைகளில் முன்னமே உணர்ந்திருப்பார். அதனை அவரே வெளிப்படுத்த இப்படி வாய்ப்பளிக்கிறது.

மூன்றாம் படி, கேட்டவர் வினவுதல். இங்கே வினா நடுநிலையானதாக இருக்கவேண்டும். வினாவுக்குள் தீர்ப்பை ஒளித்துவைத்தல் கூடாது. “இந்தி தெரியாத அம்மா எப்படிக் கதை பேசுவார்? இதைக்கூடவா யோசிக்கவில்லை?” என்பது வினா வடிவில் வந்த குட்டு. “அண்டை வீட்டுப் பெண்களோடு அம்மா எந்த மொழியில் பேசுகிறார்?” என்பதே வினா. இரண்டும் ஒரே குறையைத்தான் சுட்டுகின்றன. முன்னதைக் கேட்டவர் தம்மைக் காத்துக்கொள்ள முனைவார். பின்னதைக் கேட்டவர் சிந்திக்கத் தொடங்குவார். அவ்வாறே, “தேரை எதற்காகத் தேவையில்லாமல் நுழைத்தாய்?” என்பதற்கு மாறாக, “தேர்த்திருவிழா இந்தக் கதையில் என்ன செய்கிறது?” என்று கேட்கலாம்.

நான்காம் படி, ஒப்புதல் பெற்றுக் கருத்துரைத்தல். “கதையின் முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. சொல்லட்டுமா?” என்று கேட்டு, அவள் இசைந்த பின்னரே சொல்லவேண்டும். “வேண்டாம், அதை நானே இன்னும் யோசிக்கவேண்டும்” என்று அவள் மறுக்கவும் உரிமை உண்டு.

திருந்திய கதை

அண்டை வீட்டாரோடு அம்மா எந்த மொழியில் பேசுகிறார் என்ற வினாவை எதிர்பாராத அம்மாணவி சற்று நேரம் பேசாமல் நிற்கிறாள். பிறகு, “கொஞ்சம் கொஞ்சம் இந்தியில்தான்” என்கிறாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு ஒன்று புலப்படுகிறது. அம்மாவுக்கு எதுவும் புரியாது என்பது மகளின் எண்ணம் மட்டுமே. கதையில் முரணாகத் தோன்றிய இடம் கதையின் திறவுகோலாக மாறுகிறது. ஒரு வாரத்திற்குப் பின் அவள் சொல்லும் கதைச்சுருக்கம் இது:

“தில்லியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், கடையிலும் மருத்துவமனையிலும் தன் அம்மாவுக்காக இந்தியில் பேசுகிறாள். பெற்றோர் கூட்டத்தில், அவளுக்குப் பாடத்தில் ‘த்யான்’ இல்லை என்று ஆசிரியர் குறை சொல்கிறார். அம்மா, ‘தியானமா?’ என்று மகளைக் கேட்கிறார். மகள் அதையே பிடித்துக்கொள்கிறாள். ‘ஆமாம் அம்மா, பள்ளியில் தியானம் சொல்லித் தருகிறார்கள். நான் நன்றாகச் செய்கிறேனாம்’ என்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறார். மாலையில் அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சிறுவன் மாடிப்படியில் தாவித் தாவி இறங்குகிறான். ‘த்யான் சே!’ என்று அம்மா அவனிடம் சொல்கிறார். உள்ளே இருக்கும் மகள் திடுக்கிடுகிறாள். இரவு, அம்மா மகள் முன்னால் கணக்கு ஏட்டை விரித்து வைக்கிறார். ‘எங்கே, தியானத்தைத் தொடங்கு’ என்கிறார்.”

தமிழில் ‘தியானம்’ என்பது மனத்தை ஒருமுகப்படுத்தி அமர்வதைக் குறிக்கும். இந்தியில் ‘த்யான்’ என்பது கவனம் என்னும் பொருளில் அன்றாடம் வழங்கும். ‘த்யான் சே’ என்றால் ‘கவனமாக’ என்பது பொருள். ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களுக்கு நடுவே இப்பொழுது கதை நடக்கிறது. இருமொழிகளுக்கு இடையே நாள்தோறும் வாழும் ஒரு பிள்ளைக்கே எளிதில் கிட்டக்கூடிய கதை இது.

இம்மாற்றங்களை யாரும் அவளுக்கு எழுதித் தரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தேர் தானாக விலகிற்று. ஆசிரியர் சொன்ன குறை எதுவென்று தெளிவாயிற்று. ‘திருந்திவிடுகிறாள்’ என்னும் சொல் இருந்த இடத்தில் ஒரு காட்சி வந்து நின்றது. கேட்டவர்கள் அளித்தவை சில வினாக்கள் மட்டுமே. விடைகள் அனைத்தும் அவளுடையவை.

கருத்தை ஏற்பவரின் கடமை

கருத்துரைப்பவர்க்கு நெறிகள் இருப்பதைப் போலவே கருத்தைப் பெறுபவர்க்கும் நெறிகள் உண்டு. கருத்தைக் கேட்கும்போது உடனுக்குடன் மறுத்துப் பேசுதல் கூடாது. சொல்லப்படுவதைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரே இடத்தைப் பலர் சுட்டிக்காட்டினால், அவர்கள் கூறும் காரணங்கள் வேறுபட்டாலும், அவ்விடத்தில் ஏதோ இடர் உள்ளது என்று கொள்ளலாம். பரிந்துரைக்கப்படும் தீர்வைக் காட்டிலும் சுட்டப்படும் இடமே பெரும்பாலும் பயன் மிக்கது.

எல்லாக் கருத்தையும் ஏற்கவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. தில்லி மாணவியிடம் நண்பர் ஒருவர், “அம்மா அந்தக் கூட்டத்திலேயே இந்தியில் பேசி மகளின் பொய்யை உடைத்துவிடலாமே! அரங்கமே கைதட்டும்” என்று ஒப்புதல் பெற்றே ஒரு கருத்தைச் சொன்னதாகக் கொள்வோம். அவள் சிறிது சிந்தித்து, “நல்ல திருப்பம்தான். ஆனால், இந்த அம்மா மகளைப் பிறர் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார்” என்று மறுக்கிறாள். ஒரு கருத்தைத் தக்க காரணத்தோடு மறுக்கும்போது, தன் கதை எதைப் பற்றியது என்பதை அவள் மேலும் தெளிவாக அறிந்துகொள்கிறாள். ஆதலால் மறுக்கப்பட்ட அக்கருத்தும் வீணாகவில்லை.

‘டாய் ஸ்டோரி’ முதலிய அசைவூட்டப் படங்களை உருவாக்கிய பிக்சார் நிறுவனத்திலும் இத்தகைய முறை ஒன்று உண்டு. அங்கு உருவாகிவரும் படத்தைப் பட்டறிவு மிக்க குழுவினர் பார்த்துக் குறைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்வர். ஆனால், அவற்றை ஏற்குமாறு கட்டளையிடும் அதிகாரம் அக்குழுவிற்கு இல்லை. எதை ஏற்பது என்பதை இயக்குநரே முடிவு செய்வார். கட்டளையிடும் அதிகாரம் இல்லாமையால்தான் அக்குழுவினர் அச்சமின்றி உண்மையைச் சொல்ல முடிகிறது. இயக்குநரும் அச்சமின்றி அதனைக் கேட்க முடிகிறது.

சொல்லின் பொறுப்பு

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களில் சொல்லப்படாத கதைகள் பல உள்ளன. வங்கிப் படிவத்தை நிரப்பித் தரும் பிள்ளைகள், தொலைபேசியில் மட்டுமே பாட்டியை அறிந்த பேரக் குழந்தைகள், ஊருக்குச் செல்லும் தொடர்வண்டியில் மொழி மாறும் நிலையம் எதுவென்று அறிந்தவர்கள் என அக்கதைகளின் மாந்தர் பலர். இக்கதைகளைச் சொல்லத்தக்கவர் அவற்றை வாழ்ந்தவரே. “இதில் ஒன்றுமே இல்லையே” என்னும் ஒரு சொல்லைக் கேட்டு அவர் அமர்ந்துவிட்டால், அக்கதையை அவருக்காக வேறொருவர் வந்து சொல்லப்போவதில்லை.

நல்ல கருத்து கதையைச் சொன்னவரிடமிருந்து பறிப்பதில்லை; முன்னிலும் அவருக்கு உரியதாக ஆக்கித் தருகிறது. மனத்தில் நின்றதைச் சொல்லுதல், விளங்காத இடத்தை வினாவாகக் கேட்டல், குறையை இடம் சுட்டிப் பெயரிட்டுக் கூறல், முடிவைப் படைத்தவரிடமே விட்டுவிடல் ஆகியவை அதற்குரிய வழிகள். இவற்றைப் பழகியவர் கதை விவாதத்தில் மட்டுமன்றி, நண்பரின் ஓவியத்தைக் காணும்போதும் தம்பியின் கட்டுரையைப் படிக்கும்போதும் பயன் தரும் சொல்லையே தேர்ந்து சொல்வர்.

பயிற்சிகள்

அ. குறுகிய விடை தருக.
1. கதைச்சுருக்கம் விடை தரவேண்டிய நான்கு வினாக்கள் யாவை?
2. ‘அரங்கேற்றம்’ என்றால் என்ன?
3. “மிகவும் நன்றாக இருக்கிறது” என்னும் கருத்து கதைசொல்லிக்கு ஏன் உதவுவதில்லை?
4. ‘தியானம்’, ‘த்யான்’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை எழுதுக.

ஆ. பின்வருவனவற்றை நடுநிலையான வினாக்களாக மாற்றி எழுதுக.
1. “இவ்வளவு பேரை எதற்குக் கதையில் வைத்தாய்? ஒரே குழப்பம்!”
2. “அந்தச் சிறுவன் ஏன் அழுகிறான் என்றே புரியவில்லை. மோசம்!”
3. “முடிவு எல்லாருக்கும் முன்பே தெரிந்துவிடும்.”

இ. விரிவான விடை தருக.
1. குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்து இறுதல் ஆகியவற்றைத் தில்லி மாணவியின் முதற்கதையைக் கொண்டு விளக்குக.
2. நண்பரின் கருத்தை மறுத்தபோது, மாணவி தன் கதையைப் பற்றி அறிந்துகொண்டது என்ன? உம் சொற்களில் எழுதுக.

ஈ. செயல்பாடு
நும் குடும்பத்தில் நிகழ்ந்த அல்லது நிகழக்கூடிய ஒரு சிறு நிகழ்வை ஐந்து நிமிடக் குறும்படத்திற்குரிய கதைச்சுருக்கமாகப் பத்து வரிகளில் எழுதுக. அதனை வகுப்பில் ஒரு நிமிடத்தில் சொல்லுக. நால்வர் கொண்ட குழுவாக அமர்ந்து, நான்கு படிகளையும் வரிசைப்படி பின்பற்றிக் கருத்துரைக்க. பெற்ற கருத்துகளுள் நீவிர் ஏற்ற ஒன்றையும் ஏற்காத ஒன்றையும் காரணத்துடன் குறிப்பேட்டில் எழுதுக.